யாரும் மறிக்காத சென்றி

வெள்ளவத்தையில் நாங்கள் தங்கியிருந்த லொட்ஜில் எல்லாருக்கும் ஏதாவது ஒரு நோய் இருந்தது. உடம்பில் அல்ல, பொலிஸ் பதிவில். வடக்கிலிருந்து வந்து கொழும்பில் தங்குகிறவர்கள் எதற்காக வந்தோம், எவ்வளவு காலம் நிற்போம் என்று பொலிசில் பதிய வேண்டிய யுத்தகாலம் அது. விசாவுக்குக் காத்திருக்கிறோம் என்றால் விசாவைக் காட்டு என்பார்கள். உயிருக்குப் பயந்து வந்தோம் என்று எழுத அந்தப் பதிவில் இடம் இல்லை. ஆகவே முதலாம் மாடிக்கு நெஞ்சுநோய், இரண்டாம் மாடிக்கு நாரிப்பிடிப்பு, எங்கள் மூன்றாம் மாடி முழுவதற்கும் கண் வைத்தியம். "பெரியாஸ்பத்திரியிலகூட இவ்வளவு நோயாளியளை ஒண்டாப் பாக்கேலாது" என்பார் பக்கத்து அறை அக்கா. கனடாவில் இருக்கும் கணவரிடம் போகவென்று வந்து, போக முடியாமல் நின்றவர். அவருக்கும் கண்தான்.

எங்கள் அறைக்கு மட்டும் நோய் தேவைப்படவில்லை. எனக்கு வேலை இருந்தது. கொள்ளுப்பிட்டியில் ஒரு கம்பனியில் கணக்குப் பகுதியில் தற்காலிகக் கிளார்க். என் கணவர் ஊரில் படவரைஞராக இருந்தவர். கொழும்பில் அவருடைய வயதில் ஒரு தமிழ் ஆண் தெருவில் தனியாக நடப்பதே பிடித்துக்கொண்டு போகப் போதுமான குற்றம். அதனால் அவர் அறையிலேயே இருந்தார். மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரும் அந்தச் சின்ன நடைதான் அவருடைய வெளியுலகம். பதிவில் அவருக்குக் காரணம் நான், எனக்குக் காரணம் கம்பனி. அந்தக் கம்பனியோ என்னை மாதம் மாதமாக நீட்டிக்கொண்டிருந்தது. நிரந்தரமானவர்களுக்குத்தான் படம் ஒட்டிய கம்பனி அட்டை கொடுப்பார்கள். எனக்கு ஒரு துண்டுக் கடிதம். அதை நீட்டினால் பொலிஸ்காரர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், ஏதோ கள்ள நோட்டைப் பார்ப்பதுபோல.

அந்த நேரத்தில்தான் எங்கள் டிரெக்டருக்கு விளையாட்டுப் பித்து முற்றியது. கம்பனிகளுக்கிடையே ஒரு குறுந்தூர ட்ரையத்லோன் வைக்கிறார்கள் என்று அறிவித்தார். முதலில் நீந்த வேண்டும், அந்த ஈரத்தோடு சைக்கிள் ஓட வேண்டும், சைக்கிளை விட்டுக் காலால் ஓட வேண்டும். ஒரு குழுவில் மூன்று பேர், அதில் ஒருவர் கட்டாயம் பெண். குறித்த நேரத்துக்குள் மூன்று பேரும் முடித்தால்தான் குழு கணக்கில் வரும். குறுந்தூரம் என்கிறார்கள், நீந்தத் தெரிந்தவனுக்குத்தானே அது குறுந்தூரம்.

எங்கள் கந்தோரில் பெண்களுக்குக் குறைவில்லை. ஆனால் கொழும்புப் பெண்கள் சைக்கிள் ஓடுவதில்லை. டிரெக்டர் தலையில் கை வைத்தபோது, துறைமுகத்தில் எங்கள் சாமான்களை விடுவிக்கிற கொட்டாஞ்சேனை அண்ணை வாயைத் திறந்தார்.

"சேர், நம்ம எக்கவுண்ட்ஸ் தங்கச்சி இருக்காங்களே. யாழ்ப்பாணத்துப் பொம்பளைங்க கல்யாண வீட்டுக்கே பட்டுச்சீலையோட சைக்கிள்லதான் போவாங்க."

டிரெக்டர் என்னைக் கூப்பிட்டார். ஆங்கிலத்தில் கேட்டார், நானும் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்: சைக்கிள் ஓடுவேன், ஓட்டம் பள்ளிக்கூடத்தில் ஓடினது, நீந்தத் தெரியாது. அவர் சிரித்தார். "மூன்று பேரும் நேரத்துக்குள் முடியுங்கள். உன்னை நிரந்தரமாக்குவது என் பொறுப்பு" என்றார். முடிக்காவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை. அந்த மாத முடிவோடு என் தவணையும் முடிகிறது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

அறைக்கு வந்து சொன்னேன். கணவர், "நீந்தத் தெரியாதெண்டு சொன்னனீரோ?" என்று கேட்டார்.

"சொன்னனான்."

"அப்ப நீர் பொய் சொல்லேல்லை. மிச்சம் கடவுளின்ரை பாடு."

அடுத்து வந்த நாட்களை இப்போது நினைத்தால் எனக்கே மூச்சு வாங்குகிறது. நாய்க்கு வேலையுமில்லை, நிற்க நேரமுமில்லை என்பார்களே. எனக்கு வேலை இருந்தது, நேரம்தான் இல்லை. லொட்ஜில் விடிய ஒருதரம்தான் குழாயில் தண்ணீர் வரும். பிடித்து வைத்து, உடுப்புத் தோய்த்து, மகளுக்குத் தலை பின்னி, பள்ளியில் விட்டு, பஸ் பிடித்து, செக்பொயின்ற்றில் எல்லாரோடும் இறங்கி அட்டை காட்டி ஏறி, கந்தோருக்குப் போய்ச் சேரும்போதே ஒரு ட்ரையத்லோன் முடிந்திருக்கும்.

ஓடிப் பழகுவதற்கு இடம் தேடினேன். கடற்கரையோரம் ஒரு காலையில் ஓடிப் பார்த்தேன். இரண்டு சிப்பாய்கள் எனக்குப் பின்னால் ஓடி வந்தார்கள். நான் ஓடுவதால் அவர்கள் ஓடினார்கள், அவர்கள் ஓடுவதைப் பார்த்து முன்னால் நின்றவர்கள் துவக்கை எடுத்தார்கள். மறுநாளிலிருந்து லொட்ஜின் மொட்டைமாடியில் ஓடினேன். மாடி முழுக்கக் கொடிகட்டி மூன்று மாடிச் சனத்தின் உடுப்பும் காயும். நான் வளைந்து வரும்போது என் கணவர் ஈரச் சேலையைக் கையால் தூக்கிப் பிடிப்பார், நாடகத்தில் திரை தூக்குவதுபோல. நான் உள்ளே நுழைந்து ஓடுவேன். அவர் விட்டுவிட்டு அடுத்த சேலைக்குப் போவார். மகள் சிறிது தூரம் பின்னால் ஓடிவிட்டுத் தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே குந்தி, "அம்மா, இன்னும் முடியேல்லையோ?" என்பாள்.

பக்கத்து அறை அக்கா படியில் நின்று பார்த்துக்கொண்டே கேட்டார், "பிள்ளை, லொட்ஜைச் சுத்தினால் விசா கிடைக்குமோ? சொல்லு, நானும் சுத்துறன்."

"விசா இல்லையக்கா, வேலை."

"வேலைக்கு இந்தச் சுத்தெண்டால், விசாவுக்கு அங்கப்பிரதட்டைதான்."

நீச்சல்தான் என்னைக் கொன்றது. கம்பனி சனிக்கிழமை பின்னேரங்களில் ஒரு தடாகத்தை ஒழுங்குபடுத்தியிருந்தது. குழுவில் என்னோடு கொட்டாஞ்சேனை அண்ணையும் கந்தோர்ப் பொடியன் ஒருவனும். அண்ணைதான் பழக்கினார். முகத்துவாரத்துக் கடலில் விழுந்து எழும்பின ஆள். தண்ணீரில் அவரைப் பார்த்தால் தரையில் நொண்டுகிறவர் என்று சொல்ல மாட்டீர்கள். ஊர் வாய்க்குப் பயந்து தன் மனைவியையும் கூட்டி வருவார். அந்த அம்மா கரையில் கதிரை போட்டு, கையில் செபமாலையோடு இருப்பார். நான் கணவருடைய பழைய ரீசேட்டும் நீளக் காற்சட்டையும் போட்டுக்கொண்டு கம்பியைப் பிடித்தபடி நிற்பேன்.

"கம்பிய விடுங்க தங்கச்சி. தண்ணி தாய் மாதிரி. அடிச்சு எழும்பினா அமுக்கும், நம்பிப் படுத்தா தூக்கி வச்சுக்கும்."

"விட்டால் தாண்டு போவன் அண்ணை."

"நானும் கம்பிதான். என்னப் புடிங்க."

கரையிலிருந்து அந்த அம்மா கத்துவார்: "மாதாவே, இந்தப் புள்ளைக்கு மூக்குல தண்ணி போகாமப் பாத்துக்கோ! ஏங்க, அவசரப்படுத்தாதீங்க, ஊறினாத்தான் கடலையே வேகும்!"

நான் மெல்ல மெல்ல ஊறினேன். படுக்கப் பழகினேன். பிறகு கையை வீசப் பழகினேன். ஒரு சனிக்கிழமை இந்தக் கரையில் தொடங்கி அந்தக் கரையைத் தொட்டபோது, அந்த அம்மா செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு கைதட்டினார். லொட்ஜுக்கு வந்து ஈரத்தலையோடு கணவருக்குச் சொன்னேன். அவர் சிரித்து நான் கண்டு கனகாலம். அன்று சிரித்தார்.

சைக்கிள் எனக்குப் பழக வேண்டாத விசயம். என்றாலும் கந்தோரில் தந்த மெல்லிய சில்லுச் சைக்கிளைப் பழக்கப்படுத்த, ஞாயிறு காலைகளில் அண்ணையோடு காலி வீதியில் ஓடினேன். செக்பொயின்ற் வந்தால் இறங்கித் தள்ள வேண்டும், அட்டையைக் காட்ட வேண்டும், தாண்டிப் போய்த்தான் ஏறலாம். ஊரிலும் அதுவேதான் சட்டம். சந்திக்குச் சந்தி ஆமிச் சென்றி, மண்மூட்டை அடுக்கின காவலரண். அங்கே ஏறியபடி போனவர்களுக்கு என்ன நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும், அதனால் ஒருவரும் ஏறியபடி போவதில்லை. கண் மண்மூட்டையைக் காணும்போதே கால் நிலத்தில் நிற்கும். அடையாள அட்டையைச் சின்னப் பர்சில் வைத்து நெஞ்சுக்குள் செருகியிருப்பேன். வலக்கை ஹான்டிலில், இடக்கை நெஞ்சில். சிலுவை போடுகிறவர்களைப்போல அது தானாக நடக்கும்.

அண்ணை பகிடி பண்ணினார். "தங்கச்சி, நீங்க ஏறி ஓடினதவிட எறங்கித் தள்ளினதுதான் கூட. போட்டியில தள்ளுறதுக்கும் ஒரு பகுதி வச்சா நமக்குத்தான் முதலாமிடம்."

நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம்.

போட்டி நாள் காலை என் கணவர் வெளிக்கிட்டு நின்றார். பொலிஸ் பதிவுக்குப் போகும்போது போடும் அதே வெள்ளைச் சேர்ட். "நானும் வாறன்" என்றார். நான் மறுக்கவில்லை. மகளை அக்காவிடம் விட்டோம். அக்கா என் நெற்றியில் திருநீறு பூசி, "நீந்தினால் அழிஞ்சுபோம், எண்டாலும் கடவுளுக்குத் தெரியும் பூசினதெண்டு" என்றார்.

போட்டி நடந்த தடாகம் கொழும்புக்கு வெளியே, ஒரு வாவியோரத்து அகன்ற தெருவுக்குப் பக்கத்தில் இருந்தது. தண்ணீருக்குள் போகுமுன் பர்சை எடுத்துக் கணவரிடம் கொடுத்தேன். அவர் அதைப் பொலித்தீன் பையில் சுற்றித் தன் அட்டையோடு சேர்த்துச் சேர்ட் பையில் வைத்தார். சைக்கிள் தெருவில் ஒரு சென்றி இருக்கிறது என்றும், ஒழுங்குபடுத்தியவர்கள் ஆமியோடு கதைத்துவிட்டார்கள் என்றும், நம்பர் குத்திய யாரையும் மறிக்க மாட்டார்கள், நிற்காமல் போங்கள் என்றும் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். நானும் கேட்டேன், தலையும் ஆட்டினேன்.

தண்ணீரை விட்டுக் கடைசியாக ஏறியவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் ஏறினேன். அந்த அம்மாவின் சத்தம் மற்ற எல்லாச் சத்தத்துக்கும் மேலால் கேட்டது. கணவர் துவாயோடு ஓடி வந்தார், நான் வாங்கவில்லை. சைக்கிளில் பாய்ந்து ஏறினேன்.

அந்தத் தெருவை நான் எப்படிச் சொல்ல? ஒரு வாகனம் இல்லை. வாவிக்காற்று ஈரச் சட்டையில் பட்டுக் குளிர்ந்தது. எனக்கு முன்னால் போனவர்களை ஒவ்வொருவராகக் கடந்தேன். நல்ல நல்ல சைக்கிள்கள், விலை கூடின சப்பாத்துகள். கால் மட்டும் இல்லை. சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எதிர்க்காற்றில் உழக்கின கால் எனக்கு இருந்தது. கொழும்புக்கு வந்த பிறகு முதன்முதலாக அன்றுதான் பயம் இல்லாமல் வேகமாகப் போனேன். கம்பனி அட்டையில் ஒட்டுகிற படத்துக்கு எந்தச் சேலை உடுப்பது என்றுகூட யோசித்தேன்.

வளைவு திரும்பினதும் சென்றி. மண்மூட்டை, தார்ப்பீப்பா, ஒரு பக்கமாகச் சுருட்டி வைத்த கயிறு. வழி திறந்து கிடந்தது. எனக்கு முன்னால் போனவன் குனிந்தபடி பறந்தான். ஒரு சிப்பாய் கைதட்டினான். இன்னொருவன், "யன்ன, யன்ன!" என்று கையைக் காட்டினான். போ, போ என்று.

நான் இறங்கிவிட்டிருந்தேன்.

எப்போது இறங்கினேன் என்று எனக்குத் தெரியாது. என்னை யாரும் மறிக்கவில்லை. சைக்கிள் என் பக்கத்தில், நான் நிலத்தில், வலக்கை ஹான்டிலில், இடக்கை நெஞ்சுக்குள். கை தேடின இடத்தில் பர்ஸ் இல்லை. இல்லை என்றதும் முகம் மாறியிருக்கும். நனைந்த சட்டைக்குள் கையை விட்டுத் துழாவுகிற ஒரு தமிழ்ப் பெண். கைதட்டின சிப்பாயின் கை நின்றது. மற்றவன் துவக்கை நிமிர்த்தினான்.

"கையை வெளியே எடு!"

எடுத்தேன். அவர்களுக்கு மேலானவன் ஒருவன் மண்மூட்டைக்குப் பின்னாலிருந்து வந்தான். வயதானவன், முகத்தில் கோபமில்லை. சிங்களத்தில் கேட்டான், "அய் நங்கி பெஸ்ஸே?" ஏன் தங்கச்சி இறங்கினாய்?

எனக்கு அவ்வளவு சிங்களம் வராது. அந்த நேரம் தமிழும் வரவில்லை. வாயில் வந்த ஒரு சொல், "நிகங்." சும்மா.

ஆமிச் சென்றியில் ஒரு தமிழ்ப் பெண் சும்மா இறங்குவாளா? "அட்டை எங்கே?" என்றான். கணவரிடம் என்று கையால் காட்டினேன். கணவர் எங்கே? அங்கே. ஏன் உன் அட்டை அவரிடம்? நீந்துவதற்காக. நீந்துவதைக் காட்ட நான் கையை வீசினேன். சிப்பாய்களில் ஒருவனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கினான். எனக்குப் பின்னால் நான் கடந்து வந்தவர்கள் எல்லாரும் ஒவ்வொருவராக என்னைக் கடந்து போனார்கள். ஒருவரும் இறங்கவில்லை. ஏன் இறங்க வேண்டும்?

போட்டியை நடத்துகிறவர்களில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். எனக்காகப் பேசினார். வயதானவன் தலையாட்டிக் கேட்டான், ஆனால் விடவில்லை. "மற்றவர்கள் எல்லாரும் போனார்கள். இவள் இறங்கினாள். இறங்கினவளை அட்டை பார்க்காமல் விட்டால் நாளைக்கு என்னைக் கேட்பார்கள்" என்றான். அவன் சொன்னதிலும் பிழை இல்லை. மோட்டார் சைக்கிள் என் கணவரைக் கூட்டிவரப் போனது. என்னை மண்மூட்டையில் இருத்தினார்கள். கைதட்டின சிப்பாய் தண்ணீர்ப் போத்தலை நீட்டினான். நான் வாங்கிக் குடித்தேன்.

மோட்டார் சைக்கிளின் பின்னால் என் கணவர் வந்த கோலத்தை இன்னும் மறக்கவில்லை. முன்னாலிருந்தவரின் இடுப்பைக்கூடப் பிடிக்காமல் இரண்டு கையையும் தெரியும்படி முழங்காலில் வைத்திருந்தார். அந்த மனிதர் சிங்களத்தில் அவசரமாக ஏதோ சொல்லி ஏறச் சொன்னாராம். தன்னைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்றே நினைத்ததாகப் பிறகு சொன்னார். நினைத்துக்கொண்டும் ஏறியிருக்கிறார்.

இரண்டு அட்டையையும் வயதானவன் வாங்கினான். என்னுடையதைப் பார்த்துத் திருப்பித் தந்துவிட்டான். அவருடையதைப் பார்த்துக்கொண்டே நின்றான். யாழ்ப்பாணத்து விலாசம்.

"கொழும்பில் என்ன செய்கிறாய்?"

என் கணவருக்குக் கந்தோர்ச் சிங்களம் கொஞ்சம் வரும். நிமிர்ந்து நின்று, "நோனா வெட கரணவா" என்றார். மனைவி வேலை செய்கிறா. சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

விட்டார்கள். "இப்ப போகலாம்" என்று வயதானவன் வழியைக் காட்டினான். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போனேன். சென்றியைத் தாண்டித்தான் ஏறினேன்.

நேரம் எப்போதோ முடிந்திருந்தது. சைக்கிளை விடும் இடத்தில் வேலி கழற்றிக்கொண்டிருந்தார்கள். அங்கே கொட்டாஞ்சேனை அண்ணை தன் ஓட்டத்தை முடித்துவிட்டுத் துவாயோடு நின்றார். "என்னா தங்கச்சி, விழுந்தீங்களா?" என்றார்.

"இல்லை அண்ணை. இறங்கினனான்."

அவர் ஒன்றும் பகிடி பண்ணவில்லை. எங்கள் குழுவின் மூன்றாவது பொடியன் முடித்துவிட்டு வீட்டுக்கே போய்விட்டான். நான் ஓடத் தொடங்கினேன். எதற்கு என்று கேட்காதீர்கள். அண்ணையும் நொண்டிக்கொண்டு என்னோடு ஓடி வந்தார். முடிவுக்கோட்டில் பதாகையைச் சுருட்டிவிட்டார்கள். கதிரைகளை லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் நாங்கள் போக வழிவிட்டு ஒதுங்கினார்கள். அந்த அம்மா மட்டும் கோட்டில் நின்றார். என் ஈரத்தலையைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

திங்கட்கிழமை டிரெக்டர் கோபிக்கவில்லை. அவருக்கு விளங்கவில்லை, அவ்வளவுதான். "உன்னை நிற்கச் சொன்னார்களா?" "இல்லை சேர்." "பிறகு ஏன் இறங்கினாய்?" மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். அவர் ஒருநாளும் சைக்கிளை விட்டு இறங்கியிருக்க மாட்டார்; நல்ல மனிதர்தான். "துரதிர்ஷ்டம். அடுத்த வருடம் பார்ப்போம்" என்றார். அடுத்த மாதமே நான் அங்கே இல்லை.

அறையில் கணவரிடம் கேட்டேன், "நீங்களெண்டால் என்ன செய்திருப்பியள்?"

அவர் மகளுக்குச் சோறு குழைத்துக்கொண்டிருந்தார். "நானெண்டால் வளைவுக்கு முதலே இறங்கியிருப்பன்" என்றார்.

பக்கத்து அறை அக்கா கதவில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் கேட்டார். "உள்ளதும் போச்சு நொள்ளைக் கண்ணா எண்டு சும்மாவே சொன்னவை?" என்றார். பிறகு கிட்ட வந்து என் தோளைத் தொட்டு, "கண்ணெண்டே பதியுங்கோ. மூண்டாம் மாடி முழுக்க அதுதான். ஒரே நோயெண்டால் சந்தேகப்படமாட்டாங்கள், தொத்துநோயெண்டு நினைப்பாங்கள்" என்றார். அவரே சிரிக்கவில்லை.

பதிவு புதுப்பிக்கும் நாள் வந்தது. அவர் அதே வெள்ளைச் சேர்ட் போட்டார். வரிசையில் நின்றோம். மேசைக்குப் பின்னால் இருந்த பொலிஸ்காரர் தமிழ் தெரிந்தவர். பழைய பதிவைப் பார்த்து, "மனைவிக்கு வேலை" என்று வாசித்தார். கம்பனிக் கடிதத்துக்காகக் கை நீட்டினார்.

"இப்ப வேலை இல்லை" என்றேன்.

"அப்ப ஏன் நிக்கிறீங்க?"

"கண் வைத்தியம்" என்றார் என் கணவர்.

"யாருக்கு?"

அதை நாங்கள் பேசி வைக்கவில்லை. "இவருக்கு" என்றேன் நான். "இவவுக்கு" என்றார் அவர். இரண்டும் ஒன்றாக விழுந்தது. பொலிஸ்காரர் பேனையைத் தூக்கி எங்கள் இருவரின் கண்களையும் மாறி மாறிப் பார்த்தார். மகள் எங்களுக்கு நடுவில் நின்று எட்டிப் பார்த்தாள். பின்னால் வரிசை நீண்டிருந்தது.

"ரெண்டு பேருக்கும்" என்று தானே சொல்லி எழுதிக்கொண்டார். பிறகு, "எவ்வளவு காலம்?" என்று கேட்டார்.

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். "டொக்டர் ஒண்டும் சொல்லேல்லை" என்றேன்.